பெட்டியில் புளி வேண்டாம்: வெளிநாடு போகும் நெல்லைப் பிள்ளைகளுக்கு ஒரு சீனக் கடை வழிகாட்டி

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் இரண்டு வீட்டிலாவது நடுக்கூடத்தில் பெட்டி திறந்து கிடக்கும். செப்டம்பர், அக்டோபரில் கனடாவிலோ ஜெர்மனியிலோ படிப்பு தொடங்கப்போகிற பிள்ளைகள். "நீதான் ஏழு வருஷம் இருந்தவளாச்சே, வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போ" என்று கூப்பிடுவார்கள். நானும் போவேன். போனதும் முதல் வேலையாகப் பெட்டியிலிருந்து புளியை எடுத்து வெளியே வைப்பேன். அப்புறம் அரிசி, பாசிப்பருப்பு, எள்ளு, தேங்காய்ப் பால் பொடி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்போது அந்த வீட்டு அத்தைக்கு முகம் சுருங்கிவிடும். 23 கிலோ பெட்டியில் புளிக்கே இரண்டு கிலோ போனால் குளிருக்குப் போடுகிற கோட்டை எங்கே வைப்பது?

இந்த வருஷம் நான்கு வீட்டில் ஒரே கதையைச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால்தான் எழுதி வைக்கிறேன். நான் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இரண்டு வருஷம் படித்தேன், பிறகு டொரன்டோவில் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன், இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். அந்த ஜெர்மன் ஊரில் இந்தியக் கடையே கிடையாது. வியட்நாம்காரர் நடத்திய ஓர் ஆசியக் கடை, இரண்டு துருக்கிக் கடைகள், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஆப்பிரிக்கக் கடை, இவ்வளவுதான். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு சொதி (தேங்காய்ப் பாலில் காய் போட்டு வைக்கிற எங்கள் ஊர்க் குழம்பு), கூட்டாஞ்சோறு, புளிக்குழம்பு எல்லாம் செய்தேன். டொரன்டோவில் தமிழ்க் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை, ஆனாலும் பழக்கம் விடவில்லை. பாதிச் சாமானைச் சீனக் கடையில்தான் வாங்கினேன், காசு மிச்சமானது.

ஏன் மிச்சமாகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ஒரு சாமான் யார் வீட்டு அன்றாடச் சாப்பாடோ, அவர்கள் கடையில்தான் அது மலிவு, புதிதாகவும் இருக்கும். வெள்ளைக்காரர்களின் பெரிய கடையில் இஞ்சி ஓர் அலங்காரப் பொருள். இரண்டு விரல் நீளத்துக்கு வைத்திருப்பார்கள், வாங்க ஆளில்லாமல் கிடந்து வதங்கும். சீனர்களுக்கு இஞ்சி இல்லாமல் அடுப்பு எரியாது, அதனால் அவர்கள் கடையில் மூட்டை மூட்டையாக வந்து உடனே தீர்ந்துவிடும். இதே கணக்குப்படி தேங்காய்ப் பாலைத் தாய்லாந்து, வியட்நாம் சாமான் வைத்திருக்கிற கடையில் வாங்க வேண்டும். மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, ரவை, தயிர், கட்டுக் கட்டாகப் புதினா, கொத்தமல்லிக்குத் துருக்கிக் கடை. புழுங்கல் அரிசிக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் (மரவள்ளி) ஆப்பிரிக்கக் கடை. முருங்கைக்கீரைக்குப் பிலிப்பைன்ஸ் கடை. இந்தியக் கடைக்கும் இலங்கைத் தமிழர் கடைக்கும் கடைசியில் போங்கள்: உளுந்து, துவரம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, முருங்கைக்காய். மற்றவற்றுக்கு அங்கே போனால் கூடுதலாகத்தான் கொடுப்பீர்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே செய்ய வேண்டியது

மகாராஜநகர் உழவர் சந்தைக்கு அம்மாவோடு நான்கு தடவை காலையில் போய்வாருங்கள். சிரிக்காதீர்கள், இதுதான் முதல் படி. காய் வாங்கியே பழக்கமில்லாத பிள்ளை பீர்க்கங்காயை இங்கேயே அடையாளம் காட்டாது, டொரன்டோவில் எப்படிக் காட்டும்? அங்கே பீர்க்கங்காய்க்கு மேல் 'சைனீஸ் ஓக்ரா' என்று எழுதி வைத்திருப்பார்கள். ஓக்ரா என்றால் வெண்டைக்காய்தானே என்று எழுத்தை நம்பினால் போச்சு. காயைத் தெரிந்தவர்களுக்கு நீளமான வரம்பு ஓடுகிற அந்தத் தோலே சொல்லிவிடும். எழுத்தைப் பார்க்காமல் காயைப் பார்த்து வாங்கப் பழகுங்கள். தொட்டு, முகர்ந்து, காம்பை ஒடித்துப் பார்த்து வாங்குகிற பழக்கம் எந்த ஊருக்கும் பொருந்தும்.

பெட்டியில் என்னதான் வைப்பது? வீட்டில் இடித்த சாம்பார்ப்பொடி, மிளகாய்த்தூள், பெருங்காயம், சுண்டை வத்தல், மணத்தக்காளி வத்தல், தோல் உளுந்து ஒரு கிலோ, உடன்குடிக் கருப்பட்டி கொஞ்சம், அப்புறம் நல்லெண்ணெய் அரை லிட்டர் (ஏன் என்று பின்னால் சொல்கிறேன்). ஐரோப்பா போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பச்சைக் காய், பழம், இலை எதையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோக முடியாது. விலக்கு ஐந்துக்குத்தான்: அன்னாசி, தேங்காய், டூரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம். தேங்காய்க்கு வழி உண்டு, கறிவேப்பிலைக்கு இல்லை. பாலில் செய்ததற்கும் தடை, அதனால் ஆச்சி உருக்கிக் கொடுத்த நெய்யை ஆச்சியிடமே விட்டுவிட்டுப் போங்கள்.

கனடா, அமெரிக்கா போகிறவர்கள் இங்கிருந்து மிக்சி தூக்கிப்போகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் மிக்சி ஓடாது.

முதல் தடவை போகும்போது

முதல் தடவை எதையும் வாங்காமல் ஒரு சுற்று சுற்றுங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். எந்த வரிசையில் அரிசி, எங்கே உறைந்த சாமான், எந்தக் கிழமை புதுக் காய் வருகிறது, இதையெல்லாம் பாருங்கள். காய் என்றைக்கு வரும் என்று நேராகக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்த வியட்நாம் அக்கா முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தார்: வியாழக்கிழமை மதியம் வா, வெள்ளிக்கிழமை வந்தால் மிச்சம்தான் இருக்கும் என்று. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள், சனிக்கிழமை தூங்கிவிட்டால் ஞாயிறு ரொட்டிதான். சின்னக் கடைகளுக்குப் போனால் கையில் கொஞ்சம் காசும் இருக்கட்டும், அட்டை எல்லா இடத்திலும் எடுபடாது.

வட அமெரிக்காவில் விலைப்பலகையை இரண்டு தடவை படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கிற விலை ராத்தலுக்கு, அதாவது 454 கிராமுக்கு. கனடாவில் கிலோ விலை அடியில் பொடி எழுத்தில் இருக்கும், தராசும் ரசீதும் கிலோவில்தான் பேசும். நான் முதல் மாதம் கத்தரிக்காய் ஆஹா என்ன மலிவு என்று பை நிறைய அள்ளிப்போய்க் கல்லாவில் முழித்தேன். சரி, அது நம் கவனக்குறைவு, கடையைச் சொல்லிக் குற்றமில்லை.

காய் வரிசைக்குப் பின்னாலோ ஓரத்திலோ ஒரு தள்ளுபடி அலமாரி பெரும்பாலும் இருக்கும். கொஞ்சம் அடிபட்ட தக்காளி, நுனி வாடின பீன்ஸ், பழுக்க ஆரம்பித்த மிளகாய் எல்லாம் பையில் கட்டி வைத்திருப்பார்கள். அன்றைக்கே சமைக்கிற மாதிரி இருந்தால் அங்கே முதலில் பாருங்கள். குழம்புக்குப் போகிற தக்காளிக்கு அழகு எதற்கு?

அரிசியில் நான் ஏமாந்த கதை

நம் பக்கத்தில் அம்பை 16 சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அதிகம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம், மணி குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். அந்த உருவம் கண்ணில் பதிந்து போனதால் ஆசியக் கடையில் குட்டையாக, தடிப்பாக, பால் மாதிரி வெள்ளையாக ஓர் அரிசியைப் பார்த்ததும் அள்ளிக்கொண்டு வந்தேன். ஊறவைத்து, உளுந்தோடு அரைத்து, புளிக்கவைத்து, தட்டில் ஊற்றினால் இட்லி எழும்பவே இல்லை. ஆவியில் வெந்து கோந்து மாதிரி தட்டோடு ஒட்டிக்கொண்டு கரண்டியால் சுரண்ட வேண்டியதாயிற்று. அது பசை அரிசி, ஆங்கிலத்தில் 'குளூட்டினஸ் ரைஸ்' என்று எழுதியிருக்கும், சில பைகளில் 'ஸ்டிக்கி' அல்லது 'ஸ்வீட் ரைஸ்' என்றும் போட்டிருப்பார்கள். கொழுக்கட்டை மாதிரி இனிப்புப் பண்டங்கள் செய்ய அவர்கள் வைத்திருப்பது.

அடையாளம் சுலபம். பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சாப்பாட்டு அரிசி கொஞ்சம் கண்ணாடி மாதிரி ஒளி விடும், பசை அரிசி சுண்ணாம்புக்கட்டி மாதிரி முழு வெள்ளையாக இருக்கும். சீன எழுத்தில் அரிசிக்கு ஒரு குறி உண்டு, கூட்டல் குறி போட்டு நான்கு மூலையிலும் ஒவ்வொரு கோடு இழுத்த மாதிரி. அது பையில் இருந்தால் அரிசி என்று தெரியும், ஆனால் பசை அரிசிப் பையிலும் அதே குறி இருக்கும், அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சுஷி அரிசி என்று விற்பதும் ஒட்டும். தயிர்ச்சோற்றுக்கு வேண்டுமானால் ஆகும்.

தினச் சோற்றுக்குத் தாய்லாந்து மல்லிகை அரிசி நல்லது. பச்சரிசி என்பதால் தண்ணீரைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் குழைந்துவிடும். அதிலேயே நொய் தனியாக விற்பார்கள், 'புரோக்கன் ரைஸ்' என்று. கஞ்சிக்கும் பொங்கலுக்கும் அதைவிட மேலான அரிசி வேண்டாம், விலையும் பெரும்பாலும் குறைவு. இட்லிக்கு ஆப்பிரிக்கக் கடைக்குப் போங்கள். மேற்கு ஆப்பிரிக்கர்கள் ஜொலோஃப் என்று ஒரு தக்காளிச் சோறு ஆக்குவார்கள், அதற்குப் பெரிய பெரிய பையில் நீள மணிப் புழுங்கல் அரிசி வைத்திருப்பார்கள், 'பார்பாயில்டு' என்று எழுதியிருக்கும். அதை ஊறவைத்து உளுந்தோடு அரைத்தால் இட்லி ஒழுங்காக வரும், அம்பை 16 மாதிரி வராது, ஆனால் இட்லி என்று சொல்லிக்கொள்ளலாம்.

மாவு வாங்கும்போதும் இதே ஆபத்து உண்டு. தாய்லாந்தின் மூன்று தலை யானை போட்ட எரவான் மாவு எல்லா ஆசியக் கடையிலும் கிடைக்கும். சிவப்புப் பை சாதா அரிசி மாவு, பச்சைப் பை பசை அரிசி மாவு. இடியாப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் சிவப்பை எடுங்கள். கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் மாவு நைசாக இருப்பதால் அச்சில் கை வலிக்காமல் இறங்கும்.

ஒரு சொதிக்கான கூடை

எங்கள் வீட்டில் பெரிய நாள் என்றால் சொதிதான், மறுவீட்டு விருந்துக்கும் அதுதான். அதனால் புதிதாகப் போகிறவர்களுக்கு நான் கொடுக்கிற பரீட்சையும் சொதிதான்: ஒரே ஆசியக் கடையில் சொதிக்கு எவ்வளவு தேறும்?

தேங்காய்ப் பால் டின்னில் இருக்கும். பின்பக்கம் திருப்பிச் சேர்மானத்தைப் படியுங்கள். தேங்காய் எத்தனை சதவீதம் என்று போட்டிருந்தால் அதிகமாக இருப்பதை எடுங்கள், 'லைட்' என்று போட்டதைத் தொடாதீர்கள், அது நாம் வீட்டில் மூன்றாம் பால் என்று பிழிவதற்கு டின் கட்டியது. 'கிரீம் ஆஃப் கோகனட்' என்று ஒன்று உண்டு, சீனி போட்டது, மதுக்கலவைக்கானது, சொதியில் ஊற்றினால் பாயசம். குளிர்காலத்தில் டின்னைத் திறந்தால் மேலே கெட்டியாக உறைந்து கிடக்கும், கெட்டுப்போகவில்லை. அந்த மேல்கட்டியைக் கரண்டியால் தனியாக எடுத்து வைத்தால் அதுவே முதல் பால். அடியில் இருக்கிற நீர்ப்பாலில் இன்னொரு தம்ளர் தண்ணீர் சேர்த்தால் காய் வேகவைக்க இரண்டாம் பால் ஆயிற்று. அம்மா தேங்காய் துருவிப் பிழிந்து எடுக்கிற கணக்கு அப்படியே வரும்.

பாசிப்பருப்பு அங்கேயே இருக்கும். வியட்நாம்காரர்கள் இனிப்பில் பூரணமாக வைப்பதற்குத் தோல் நீக்கிய மஞ்சள் பருப்பு வைத்திருப்பார்கள், நம்முடையதேதான். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், எலுமிச்சை கேட்கவே வேண்டாம். மிளகாய் மட்டும் பொடியாக இருக்கிற தாய்லாந்து மிளகாய் என்றால் வீட்டுக் கணக்கில் பாதி போடுங்கள், உறைப்பு கண்ணில் தண்ணீர் வரவைக்கும். சின்ன உள்ளிக்குத் தாய்லாந்துச் சிவப்பு உள்ளி, உரித்தால் அதே மணம். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எந்தக் கடையிலும் உண்டு. முருங்கைக்காய் ஒன்றுதான் இலங்கைக் கடையின் உறைபெட்டியில் தேட வேண்டியது, கிடைக்காவிட்டால் அது இல்லாமலே வையுங்கள்.

இஞ்சியில் ஒரு எச்சரிக்கை. சொதிக்கு இஞ்சித் துவையல் இல்லாமல் முடியாது. இஞ்சிக்குப் பக்கத்திலேயே வெளிறின தோலும் வளையம் வளையமான கோடும் கொஞ்சம் இளஞ்சிவப்பு முளையுமாக ஒரு கிழங்கு கிடக்கும், இஞ்சியின் அக்கா மாதிரி. அது பேரரத்தை. தாய்லாந்துக்காரர்கள் சூப்பில் போடுவார்கள். நான் ஒரு தடவை அதை அரைத்துவிட்டேன். துவையல் வாசம் நாட்டு மருந்துக்கடை வாசம். நகத்தால் லேசாகக் கீறி முகர்ந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

புளி, எண்ணெய்

புளி தாய்லாந்திலிருந்து கொட்டை எடுத்தும் எடுக்காமலும் கட்டி கட்டியாக வரும், நல்ல புளிப்பு, விலை ஒன்றுமே இல்லை. ஓட்டோடு அழகான அட்டைப்பெட்டியில் இருப்பதை வாங்காதீர்கள், அது தின்கிற இனிப்புப் புளி, குழம்பு கரைக்க ஆகாது.

எண்ணெய்தான் முக்கியம். சீனக் கடையில் 'செசமி ஆயில்' என்று கறுத்த சிவப்பில் சின்னப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். செசமி என்றால் எள், எள் எண்ணெய் என்றால் நல்லெண்ணெய் என்று நினைத்து நான் புளிமிளகாய் செய்தேன். மிளகாயை வதக்க ஊற்றிய நிமிஷத்திலேயே அறை முழுக்க நூடுல்ஸ் கடை வாசம். அன்று ராத்திரி ஆச்சியிடம் போனில் சொன்னபோது, "எள்ளை வறுத்துட்டா செக்குல போட்டானுவ?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள், ஆனால் விஷயம் அதேதான். சீனர்களும் கொரியர்களும் எள்ளை வறுத்த பிறகுதான் ஆட்டுகிறார்கள். இறக்கி வைத்த பதார்த்தத்தின் மேல் ஒரு சொட்டு விடுவதற்கான எண்ணெய் அது, தாளிக்க ஆகாது. அதனால்தான் பெட்டியில் நல்லெண்ணெய்க்கு இடம் கேட்டேன். தினச் சமையலுக்குச் சூரியகாந்தியோ கடலை எண்ணெயோ வாங்கிக்கொண்டு, புளிக்குழம்புக்கும் மிளகாய்ப்பொடிக்கும் மட்டும் அந்த அரை லிட்டரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள்.

எள்ளாக வாங்கினால் சீனக் கடையும் கொரியக் கடையும் சொர்க்கம். கறுப்பும் வெள்ளையும் பை பையாக இருக்கும். வறுத்ததும் வறுக்காததும் இரண்டும் உண்டு, பார்த்து எடுங்கள். உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல் அரைக்க ஒரு பை மாதக்கணக்கில் வரும்.

காயும் கீரையும் கிழங்கும்

தடியங்காயை (வெண்பூசணி) சீனர்கள் 'வின்டர் மெலன்' என்று துண்டு போட்டு விற்பார்கள், மோர்க்குழம்புக்கு ஒரு துண்டு போதும். பயத்தங்காய் முழ நீளத்தில் கட்டாக இருக்கும். பாகற்காய் நம்முடையதைப் போல முள் முள்ளாக இல்லாமல் வெளிறி, மொழுமொழுவென்று இருக்கும், கசப்பும் கொஞ்சம் குறைவு. கத்தரியில் நீளமான ஊதா வதக்கலுக்கு, உருண்டையான பச்சைத் தாய்லாந்துக் கத்தரி குழம்புக்கு. அதன் பக்கத்தில் கொத்துக் கொத்தாகப் பட்டாணி அளவில் பச்சையாக ஒன்று இருந்தால் விடாதீர்கள், அது சுண்டைக்காய். நாம் வற்றலுக்குப் போடுகிற அதே காய், தாய்லாந்துக்காரர்கள் கறியில் போடுகிறார்கள்.

கீரையில் நடுவில் சிவப்பு ஓடின இலை தெரிந்தால் தண்டுக்கீரைதான். கரீபியன் கடையில் இதே குடும்பத்துக் கீரையைக் 'கலாலூ' என்பார்கள். முருங்கைக்கீரையைப் பிலிப்பைன்ஸ்காரர்கள் 'மலுங்கை' என்கிறார்கள், உருவி, உறையவைத்து, பொட்டலமாக வரும். கூட்டாஞ்சோற்றுக்கு அதை உதிர்த்து அப்படியே போடலாம், உருவுகிற வேலையே இல்லை. (ஊரில் முற்றத்தில் மரத்தை வைத்துக்கொண்டு கீரை உருவச் சோம்பல்பட்ட நான், உறைந்த பொட்டலத்துக்கு ரயில் ஏறிப் போனேன்.) பிலிப்பைன்ஸ் கடையில் வாழையிலையும் மடித்து உறையவைத்துக் கிடைக்கும், சூடான தண்ணீரில் ஒரு நிமிஷம் காட்டினால் விரியும்.

மரச்சீனிக் கிழங்கு ஆப்பிரிக்கக் கடையில் 'கசாவா', தென் அமெரிக்கர் கடையில் 'யூக்கா'. மெழுகு பூசியிருப்பார்கள், தோலைத் தடிப்பாகச் சீவி நன்றாக வேகவைக்க வேண்டும். சீவி உறையவைத்ததும் உண்டு, நான் அதைத்தான் வாங்குவேன். தென் அமெரிக்கர் கடையிலேயே 'கண்டூலஸ்' என்று இருப்பது துவரை, 'பனேலா' என்று இருப்பது வெல்லம். இந்தோனேசியப் பனஞ்சீனி உருளையாகக் கறுப்பாக, பார்வைக்குக் கருப்பட்டி மாதிரியே இருக்கும். பணியாரத்துக்குப் போட்டேன், நன்றாகத்தான் இருந்தது. கருப்பட்டிக் காப்பிக்கு மட்டும் சரிப்படவில்லை.

வட அமெரிக்காவில் 'யாம்' என்று எழுதியிருப்பதைச் சேனை என்று எண்ணி வாங்கினால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் சீனிக்கிழங்கு இருக்கும். நம் சீனிக்கிழங்கு ருசி வேண்டும் என்றால் கொரியக் கடையில் ஊதாத் தோலும் மஞ்சள் சதையுமாக இருப்பதை எடுங்கள்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும்

டொரன்டோ மாதிரி ஊர்களில் சீனக் கடையின் மீன் பகுதி நம் மீன் சந்தையைவிடச் சத்தமாக இருக்கும். முழு மீனைக் காட்டினால் செதில் எடுத்து, குடல் நீக்கி, துண்டு போட்டுத் தருவார்கள். பெரும்பாலும் அதற்குத் தனிக் காசு கிடையாது. செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருந்தால் வாங்குவது என்கிற விதி எல்லாக் கடலுக்கும் ஒன்றுதான். அயலை, சாளை, வாவல் உறைபெட்டியில் இருக்கும். குழம்புக்கு நான் வாங்கியது சால்மன் தலை, அங்கே அதற்கு அவ்வளவு கிராக்கி இல்லை, தலையை வைத்து இரண்டு நாள் குழம்பு ஓட்டலாம். நெத்திலிக் கருவாடு கொரியக் கடையில் சின்னது, பெரியது என்று தரம் பிரித்து இருக்கும், நம்முடையதைவிட உப்பு குறைவு.

சைவ வீட்டுப் பிள்ளைகள் பாட்டிலையும் பொட்டலத்தையும் திருப்பிப் படிக்காமல் கூடையில் போடக் கூடாது. காய்கறிப் படம் போட்ட கறி விழுதிலும் இறால் விழுது இருக்கும், கிம்ச்சி என்கிற கொரிய ஊறுகாயில் மீன் சாறு இருக்கும். ஐரோப்பாவில் ஒரு வசதி உண்டு. ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களைச் சேர்மானப் பட்டியலில் தடித்த எழுத்தில் அல்லது வேறு ஏதாவது வகையில் தனித்துக் காட்ட வேண்டும் என்று சட்டம். மீன், இறால் வகை, சிப்பி வகை, முட்டை எல்லாம் அதில் வரும். அதனால் மொழி தெரியாவிட்டாலும் அந்த நான்கைந்து வார்த்தைகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். இறைச்சி அந்தப் பட்டியலில் இல்லை, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். சீனப் பௌத்தர்களுக்கென்று வருகிற சைவச் சாமான்களை நம்பி வாங்கலாம், அவர்கள் வெங்காயம் பூண்டைக்கூட விலக்குகிறவர்கள். டோஃபு (சோயாப் பாலில் செய்த கட்டி) சீனக் கடையில் தண்ணீரில் மிதக்கிற கட்டியாக மலிவாக இருக்கும், பனீருக்குப் பதில் கெட்டியானதாகக் கேட்டு வாங்கி மிளகுத்தூள் போட்டு வறுத்தால் ரசத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம். மிளகு என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: செந்நிறத்தில் ஓடு பிளந்த மாதிரி இருக்கிற சிச்சுவான் மிளகு நம் மிளகு அல்ல, கடித்தால் நாக்கு மரத்துப்போகும்.

ஒரு பாத்திரம் வாங்கச் சொன்னால் இரும்புச் சீனச்சட்டி வாங்குங்கள். அவர்கள் கடையில் எடை குறைந்த நல்ல சட்டி மலிவாகக் கிடைக்கும். புதுச் சட்டியில் பூசியிருக்கிற எண்ணெயைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவி இரண்டு தடவை புகைய விட்டால் பழகிவிடும். ஈரத்தோடு வைத்தால் துரு.

கடைசியாக, பெட்டி பார்க்கப் போகும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள்: "அக்கா, தை மாசம் சிறுகிழங்குக்கு என்ன செய்ய?" இதற்கு என்னிடம் வழி இல்லை. ஆங்கிலத்தில் அதற்குச் 'சைனீஸ் பொட்டேட்டோ' என்று பெயர். அந்தப் பெயரை நம்பி டொரன்டோவில் ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் சீனக் கடையில் போய் அப்படியே கேட்டேன். அங்கிருந்த பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்து, உள்ளே போய், முழங்கை நீளத்தில் மயிர் மயிராக வேர் ஒட்டிய ஒரு கிழங்கை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். அவ்வளவு தேடிக் கொடுத்தவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கி வந்து தோல் சீவினால் கை வழுக்கியது, வெண்டைக்காயைவிடக் கொழகொழப்பு, அப்புறம் மணிக்கட்டுவரை அரிப்பு வேறு. அது சீன வள்ளி. வட்டமாக நறுக்கி மிளகாய்த்தூள் தடவி வறுத்தேன், மொறுமொறுவென்று நன்றாகவே இருந்தது. சிறுகிழங்குப் பொரியல் அந்த வருஷம் இல்லை.